அமெரிக்காவில் துணை அதிபர் நாற்காலியே காலியாக இருந்தால் அடுத்த அதிபர் யார்?

உங்கள் பதிவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வினாடி வினா ஒன்றில் "ஒரு ஓட்டுகூட வாங்காமல் அமெரிக்க அதிபரானவர் யார்?" என்று கேட்டு, ஜெரால்டு ஃபோர்டு என்று விடை சொன்னார்கள், அது சரியா என்பது முதல் கேள்வி. அதிபர் இறந்தால் துணை அதிபர் வருவார், துணை அதிபரே இல்லாவிட்டால் யார் வருவார் என்பது இரண்டாவது. ஆட்சிசன் என்பவர் ஒரே ஒரு நாள் அமெரிக்க அதிபராக இருந்தார் என்று படித்தேன், நிஜமா என்பது மூன்றாவது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், "அடுத்தவர் யார்" என்பதற்கு அந்த நாட்டில் முதலிலிருந்தே ஒரு தெளிவான விதி இருந்திருக்க வேண்டுமே என்ற சந்தேகம்தான் உங்களை இதைக் கேட்கவைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. தெளிவான விதி இருக்கவில்லை. நாம் இன்று விதி என்று நம்புவது, 1841இல் ஒரே ஒரு மனிதர் பிடித்த பிடிவாதம். அது சட்டமாக எழுதப்பட 126 ஆண்டுகள் ஆயின.

நான் கல்லூரியில் அமெரிக்க வரலாற்றுத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன். வினாடி வினாக்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பதும் உண்டு. சட்டம் படித்தவன் அல்ல. அதனால் நீதிமன்றத்தில் எது நிற்கும் என்ற பேச்சு வரும் இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன்.

1787இல் எழுதப்பட்ட அரசமைப்பில், அதிபர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ, பணி செய்ய முடியாமல் போனாலோ "அது" துணை அதிபரைச் சேரும் என்று ஒரு வரி இருக்கிறது. அது என்றால் எது? அதிபர் பதவியா, அல்லது பதவிக்குரிய அதிகாரமும் வேலையும் மட்டுமா? எழுதியவர்கள் விளக்கவில்லை. முதல் அரை நூற்றாண்டு எந்த அதிபரும் பதவியில் இருக்கும்போது இறக்காததால் யாரும் கவலைப்படவும் இல்லை.

1841 மார்ச் 4ஆம் தேதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்றார். வயது 68. குளிரில் கோட்டும் தொப்பியும் இல்லாமல் நின்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். அமெரிக்க அதிபர்களின் பதவியேற்பு உரைகளில் இன்றுவரை அதுதான் நீளமானது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 4ஆம் தேதி இறந்துபோனார். அந்தப் பேச்சுதான் அவரைக் கொன்றது என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். அதை அப்படியே ஒப்புவிக்க வேண்டாம். அவர் படுத்தது பேசி மூன்று வாரங்களுக்குப் பிறகு. நிமோனியா என்று அன்றைய மருத்துவர் எழுதினார். வெள்ளை மாளிகைக்குத் தண்ணீர் வந்த இடத்துக்குப் பக்கத்தில் கழிவு கொட்டப்பட்டதைச் சுட்டிக்காட்டி, அது டைபாய்டு போன்ற குடல் காய்ச்சலாக இருக்கலாம் என்று 2014இல் மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். 31 நாள் ஆட்சி என்பது உறுதி. குளிரால் செத்தார் என்பது ஊகம்.

துணை அதிபர் ஜான் டைலர் அப்போது வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க்கில் தன் வீட்டில் இருந்தார். செய்தி வந்ததும் புறப்பட்டு, ஏப்ரல் 6ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் அதிபராகப் பதவிப் பிரமாணம் எடுத்தார். அமைச்சர்களில் பலர் அவரை இடைக்கால ஏற்பாடு என்றே நினைத்தார்கள். முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ், இவர் தன்னைப் பொறுப்பு அதிபர் என்று அழைத்துக்கொள்வதுதான் முறை என்று நாட்குறிப்பில் எரிச்சலோடு எழுதினார். எதிரிகள் வைத்த பட்டப்பெயர் "விபத்து மன்னர்" என்கிற தொனியில் இருந்தது. டைலர் எதற்கும் அசையவில்லை. பொறுப்பு அதிபர் என்று முகவரி எழுதி வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் என்று சொல்வார்கள். கடைசியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவரை அதிபர் என்றே குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டுவிட்டன. சொந்தக் கட்சியான விக் கட்சியோ அதே ஆண்டு செப்டம்பரில் அவரை வெளியேற்றியது. அமைச்சரவையில் டேனியல் வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ராஜினாமா செய்தார்கள். கட்சியும் இல்லை, துணை அதிபரும் இல்லை. மனிதர் நாலு வருடத்தை ஓட்டிவிட்டார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் குழப்பும். இந்தியாவில் குடியரசுத் தலைவர் இறந்தால் துணைத் தலைவர் பொறுப்புதான் வகிப்பார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். 1969இல் ஜாகிர் உசேன் இறந்தபோது வி. வி. கிரி அப்படித்தான் பொறுப்பேற்றார். நம் அரசமைப்பு அதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் எழுதாமல் விட்டார்கள், டைலர் அந்த வெற்றிடத்தில் முழு அதிபராகவே போய் உட்கார்ந்துகொண்டார். பிற்பாடு 1850இல் ஃபில்மோர், 1865இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1881இல் ஆர்தர் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லாரும் டைலர் போட்ட பாதையிலேயே நடந்தார்கள்.

அந்தப் பாதையில் ஒரு பள்ளம் இருந்தது. அதிபர் சாகாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தால்? அரசமைப்பின் அதே வரிதான் அதற்கும். துணை அதிபர் ஒருமுறை பொறுப்பை எடுத்துக்கொண்டால், டைலர் கணக்குப்படி அவரே அதிபர். பழையவர் உடம்பு தேறி எழுந்து வந்தாலும் நாற்காலி திரும்பக் கிடைக்காது என்ற பயம் எல்லாருக்கும் வந்துவிட்டது. 1881 ஜூலை 2ஆம் தேதி அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். செப்டம்பர் 19ஆம் தேதிதான் இறந்தார். இடைப்பட்ட பதினோரு வாரமும் அமெரிக்காவில் அதிபர் வேலையை யாரும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். ஆர்தரை அழைக்கலாமா என்று அமைச்சர்கள் பேசினார்கள், இந்தப் பயத்தால் விட்டுவிட்டார்கள். ஆர்தரும் ஒதுங்கியே இருந்தார். 1919 அக்டோபரில் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் விழுந்தபோதும் இதே கதை. மீதி ஒன்றரை வருடம், அவரை யார் பார்க்கலாம், எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்பதை அவர் மனைவி ஈடித் முடிவு செய்தார். துணை அதிபர் தாமஸ் மார்ஷல் வாயே திறக்கவில்லை. "ஒரு அண்ணன் தம்பி இருந்தார்கள், ஒருவன் கடலுக்குப் போனான், இன்னொருவன் துணை அதிபரானான், இரண்டு பேரைப் பற்றியும் அப்புறம் தகவலே இல்லை" என்று சொல்லிச் சிரித்தவர் இந்த மார்ஷல்தான். ஈடித் வில்சனை "முதல் பெண் அதிபர்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பத்திரிகைத் தலைப்புக்கு ஆகும், வினாடி வினாவுக்கு ஆகாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். துணை அதிபர் நாற்காலி காலியாகக் கிடந்ததுண்டா? பதினெட்டு முறை. எட்டு அதிபர்கள் பதவியிலேயே இறந்தார்கள் (நாலு பேர் நோயில், நாலு பேர் சுடப்பட்டு), ஒருவர் விலகினார். ஒன்பது முறையும் துணை அதிபர் மேலே போக, அவர் இடம் காலி. ஏழு துணை அதிபர்கள் பதவியில் இறந்தார்கள். இருவர் ராஜினாமா செய்தார்கள்: 1832இல் கால்ஹூன், 1973இல் ஆக்னியூ. காலியாக இருந்த காலத்தை எல்லாம் கூட்டினால் 37 ஆண்டுகளுக்கு மேல் வரும். 1967க்கு முன்னால் அந்த இடத்தை நடுவில் நிரப்ப வழியே கிடையாது. அடுத்த தேர்தல் வரும்வரை சும்மா கிடக்கும். முதல் துணை அதிபர் ஜான் ஆடம்ஸே, மனித மூளை கண்டுபிடித்த பதவிகளில் இதைவிட அற்பமானது இல்லை என்று 1793இல் தன் மனைவிக்கு எழுதியிருக்கிறார். ஒப்புக்குச் சப்பாணி நாற்காலி காலியாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

அப்படி விட்டதால் நாடு எத்தனை முறை நூலிழையில் தப்பியது என்பது தனிக்கதை. 1844 பிப்ரவரி 28ஆம் தேதி டைலர், பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் பொட்டோமாக் நதியில் உலா போனார். பெரிய பீரங்கி ஒன்றை வெடித்துக் காட்டினார்கள். அது வெடித்துச் சிதறியதில் வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் அங்கேயே இறந்தார்கள். டைலர் அந்த நேரம் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார். அன்று துணை அதிபர் கிடையாது. 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்தவர் மேலவையான செனட்டின் தற்காலிகத் தலைவர் (துணை அதிபர் இல்லாதபோது அந்த அவையை நடத்துகிறவர்), அவருக்கு அடுத்தவர் கீழவையான பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர்.

அந்த வரிசை 1868இல் இன்னும் விபரீதமானது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மேல் செனட்டில் பதவி நீக்க விசாரணை. துணை அதிபர் இல்லை. ஜான்சன் நீக்கப்பட்டால் அதிபர் ஆகப்போகிறவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேடு. அந்த வேடு அதே விசாரணையில் நீதிபதி மாதிரி உட்கார்ந்து ஓட்டும் போட்டார், குற்றவாளி என்று! முடிவு 35க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்ததால் ஜான்சன் தப்பினார். வேடு வந்துவிடக் கூடாதே என்பதற்காகவே சிலர் ஜான்சனைக் காப்பாற்றினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. நம்பத்தக்கதுதான், ஆனால் ஒவ்வொரு செனட்டரின் மனத்துக்குள்ளும் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது 1881தான். கார்ஃபீல்டு இறந்த இரவில் ஆர்தர் அதிபரானார். அவருக்குப் பிறகு யார்? யாருமே இல்லை. செனட் தற்காலிகத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமல் கலைந்திருந்தது. புதிய பிரதிநிதிகள் சபை இன்னும் கூடவே இல்லை, ஆகவே சபாநாயகரும் இல்லை. ஆர்தர் நியூயார்க்கில் இருந்து வாஷிங்டன் போவதற்கு முன்பு, செனட்டை உடனே கூட்டும்படி ஓர் ஆணையை எழுதி, அதை அதிபர் என்ற முகவரிக்கு வெள்ளை மாளிகைக்குத் தபாலில் போட்டார். வழியில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கவராவது போய்ச் சேரட்டும் என்று. தரகர் அரசியல்வாதி என்று அதுவரை எல்லாரும் இளக்காரமாகப் பார்த்த மனிதர், பொறுப்பு தலையில் விழுந்த அந்த நேரத்தில் முதலில் யோசித்தது இதைத்தான். நான்கே ஆண்டுகளில், 1885 நவம்பரில் துணை அதிபர் ஹென்ட்ரிக்ஸ் இறந்தபோது மறுபடியும் அதே நிலை: தற்காலிகத் தலைவரும் இல்லை, சபாநாயகரும் இல்லை. அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டு 1886இல் சட்டத்தை மாற்றி, அமைச்சர்களை வரிசையில் வைத்தார்கள். 1947இல் ட்ரூமன் காலத்தில் மறுபடி மாற்றினார்கள். இன்றைய வரிசை அதுதான்: துணை அதிபர், சபாநாயகர், செனட்டின் தற்காலிகத் தலைவர், பிறகு வெளியுறவு அமைச்சரில் தொடங்கி அமைச்சர்கள்.

1963இல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் லிண்டன் ஜான்சன் அதிபரானார். அவருக்கே ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது. அடுத்த இடத்தில் 71 வயதுச் சபாநாயகர் மெக்கார்மாக், அதற்கடுத்து 86 வயது செனட்டர் ஹேடன். அணு ஆயுதக் காலத்தில் இது சரிப்படாது என்று பயந்து கொண்டுவந்ததே அரசமைப்பின் 25ஆம் திருத்தம். 1967 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிபர் போனால் துணை அதிபர் அதிபரே ஆவார் என்று டைலரின் பிடிவாதத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டது. துணை அதிபர் இடம் காலியானால் அதிபர் ஒருவரைப் பரிந்துரைக்கலாம், இரு அவைகளும் ஏற்றால் போதும் என்றது. அதிபர் தற்காலிகமாகப் பொறுப்பைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி செய்தது. வில்சன் காலத்துப் பயம் அதோடு தீர்ந்தது. 2021 நவம்பர் 19 அன்று பைடன் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் குடல் பரிசோதனைக்குப் போனபோது கமலா ஹாரிஸ் 85 நிமிடம் பொறுப்பு அதிபராக இருந்தது இந்தத் திருத்தத்தின் கீழ்தான். அதிபரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த முதல் பெண் அவர். அவருடைய தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம் என்பதால் நம் பத்திரிகைகளில் அன்று அவரை "அதிபர்" என்றே போட்டவர்கள் உண்டு. பொறுப்பு அதிபர் என்பதே சரி. அவர் அதிபர் பட்டியலில் சேரமாட்டார்.

இப்போது ஃபோர்டு. 1973 அக்டோபர் 10ஆம் தேதி துணை அதிபர் ஸ்பிரோ ஆக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கிப் பதவி விலகினார். நிக்சன் ஃபோர்டைப் பரிந்துரைத்தார். செனட் 92க்கு 3 என்றும், பிரதிநிதிகள் சபை 387க்கு 35 என்றும் ஏற்றுக்கொள்ள, டிசம்பர் 6ஆம் தேதி பதவியேற்றார். எட்டு மாதத்தில், 1974 ஆகஸ்ட் 9ஆம் தேதி, வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் விலக, ஃபோர்டு அதிபர். அவர் நெல்சன் ராக்ஃபெல்லரைத் துணை அதிபராக்கினார். அந்த நாட்டின் அதிபர், துணை அதிபர் இருவருமே மக்கள் அந்தப் பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்காதவர்களாக இருந்த ஒரே காலம் அது. ஆக்னியூ போனதற்கும் ஃபோர்டு வந்ததற்கும் இடையில் இரண்டு மாத இடைவெளி இருக்கிறது, பாருங்கள். அப்போது நிக்சன் விலகியிருந்தால் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் வெள்ளை மாளிகைக்குள் போயிருப்பார். தேர்தலே இல்லாமல் ஆட்சி கைமாறியிருக்கும்.

ஆகவே விடை ஃபோர்டு என்பது சரி, கேள்வியை எழுதிய விதம் தப்பு. ஒரு ஓட்டுகூட வாங்காதவர் இல்லை அவர். மிச்சிகனில் இருந்து பிரதிநிதிகள் சபைக்குப் பதின்மூன்று முறை ஜெயித்தவர். 1976இல் அதிபர் தேர்தலில் நின்று கார்ட்டரிடம் நெருக்கமாகத் தோற்றவர். "அதிபராகவோ துணை அதிபராகவோ தேர்ந்தெடுக்கப்படாமல் அதிபராக இருந்தவர் யார்" என்று கேட்டால் ஒரே விடைதான், தகராறுக்கு இடமில்லை.

ஆட்சிசன் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1849 மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமை. அதிபர் போல்க்கின் பதவிக்காலம் அன்று முடிந்தது. அடுத்த அதிபர் ஜக்காரி டெய்லர் (மேலே பார்த்த டைலர் அல்ல, இவர் வேறு) ஞாயிறு அன்று பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று திங்கள்வரை தள்ளிப்போட்டார். நடுவில் செனட்டின் தற்காலிகத் தலைவர் டேவிட் ரைஸ் ஆட்சிசன்தான் அதிபர் என்பது வாதம். மிசௌரியில் பிளாட்ஸ்பர்க்கில் இருக்கும் அவருடைய கல்லறையிலேயே அப்படிப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் ஆட்சிசனின் செனட் பதவிக்காலமும் அதே மார்ச் 4ஆம் தேதிதான் முடிந்தது. அவரும் எந்தப் பிரமாணமும் எடுக்கவில்லை. பிரமாணம் எடுக்காததால் டெய்லர் அதிபரில்லை என்றால், எடுக்காத ஆட்சிசன் மட்டும் எப்படி அதிபர்? 1821லும் மார்ச் 4 ஞாயிறாக வந்து மன்ரோ திங்களன்றுதான் பிரமாணம் எடுத்தார். அந்த ஒரு நாளுக்கு யாரையும் யாரும் அதிபராக்கவில்லை. ஆட்சிசனே அந்த நாளைப் பெரும்பாலும் தூங்கிக் கழித்ததாகச் சொல்லி வேடிக்கை பண்ணியிருக்கிறார். வரலாற்றாசிரியர்களில் அநேகமாக எவரும் இதை ஏற்பதில்லை.

இதே ரகத்தில் சுற்றும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி, கென்னடியின் செயலாளர் பெயர் லிங்கன் என்று வாட்ஸ்அப்பில் வரும். கென்னடிக்கு ஈவ்லின் லிங்கன் என்று செயலாளர் இருந்தது உண்மை. லிங்கனுக்குக் கென்னடி என்ற செயலாளர் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. இருவருக்கும் பின்னால் வந்தவர்கள் ஜான்சன்கள், ஒருவர் 1808இலும் மற்றவர் 1908இலும் பிறந்தவர்கள் என்பது மட்டும் நிஜம். நம்ப முடியாததுபோல் தெரிந்தாலும் உறுதியான ஒன்று வேண்டுமென்றால் டைலரிடமே திரும்பலாம். அவர் பிறந்தது 1790இல், அதாவது வாஷிங்டன் அதிபராக இருந்தபோது. அவருடைய சொந்தப் பேரன் ஒருவர் 2025 வரை உயிரோடு இருந்தார். தாத்தாவும் அப்பாவும் முதிய வயதில் இரண்டாம் தாரத்தின் மூலம் பிள்ளை பெற்றதால் வந்த கணக்கு.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் இதைத் தொட்டு நிச்சயம் யாராவது கேட்கப்போகும் ஒன்று. இரண்டு முறை அதிபராக இருந்தவர் துணை அதிபராக நின்று, அதிபர் விலகினால் மூன்றாம் முறை வர முடியுமா? 22ஆம் திருத்தம், இரண்டு முறைக்கு மேல் ஒருவர் "தேர்ந்தெடுக்கப்படக் கூடாது" என்கிறது. 12ஆம் திருத்தம், அதிபராகத் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்கிறது. தேர்ந்தெடுக்கப்படத் தகுதி இல்லாமையும் பதவி வகிக்கத் தகுதி இல்லாமையும் ஒன்றா? முடியவே முடியாது என்று ஒரு சாராரும், எழுத்துப்படி பார்த்தால் தடையில்லை என்று இன்னொரு சாராரும் சட்ட அறிஞர்களிலேயே இருக்கிறார்கள். திருத்தத்தின் நோக்கத்தைப் பார்த்தால் முடியாது என்பதே என் சாய்வு. அதற்கு மேல் சட்டக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்படியான சந்தர்ப்பம் இன்னும் வரவில்லை. இதை வினாடி வினாவில் கேட்டு ஒரே விடையைக் கையில் வைத்திருந்தார்கள் என்றால், அந்த மதிப்பெண்ணுக்குத் தாராளமாகச் சண்டை போடுங்கள்.